தூசி நேரில் ஆஜராக வேண்டும்

உலகத்தில் எத்தனையோ ஊர்கள் தூசியைத் துடைத்திருக்கின்றன, பெருக்கியிருக்கின்றன, தண்ணீர் தெளித்து அடக்கியிருக்கின்றன. ஆனால் தூசியை நேரில் வரவழைத்து, மேசை மேல் உட்கார வைத்து, அதன் தரப்பைப் பொறுமையாகக் கேட்ட பெருமை காஞ்சிபுரம் ஒன்றுக்கே உரியது. பட்டும் கோயிலும் இந்த ஊருக்குத் தேடித்தந்த பேரெல்லாம் அதற்கு முன்னால் சாதாரணம்.

இந்தப் பெருமைக்கு முசரவாக்கம் சாலைதான் காரணம். அந்தச் சாலையைக் குழாய் போடுவதற்காகத் தோண்டினார்கள். குழாய் போட்டார்கள், மூடினார்கள். போட்ட குழாய் வேறொரு ஊருக்கு உரியது என்று தெரிந்ததும் நேர்மையாக மறுபடி தோண்டி எடுத்தார்கள். இப்படியே இருபத்திரண்டு மாதம் நேர்மை நடந்தது. ‘பணிகள் நடைபெறுகின்றன, சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு பலகை வைத்திருந்தார்கள். அதன் மேல் தூசி படியப் படிய, கடைசியில் ‘வருந்துகிறோம்’ மட்டும் தெரிந்தது. பிறகு வருத்தமும் தெரியாமல் போயிற்று.

ஊர் முடிந்து அந்தச் சாலை தொடங்கும் முனையில்தான் பெரியநாயகியின் வீடு. உள்ளே கூடத்தில் தறி. ஜன்னல்களில் நனைத்த கோணிப்பை தொங்கவிட்டு, அதற்குள் உட்கார்ந்து அவள் முகூர்த்தப் புடவை நெய்துகொண்டிருந்தாள். அதன் வெள்ளை உடலில் ஒரு தும்மல் தூசி படிந்தாலும் புடவை திரும்பி வந்துவிடும். வெளியே அவளுடைய கணவன் மாணிக்கவேல் குட்டியானை வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் பட்டு நூலையும் ஜரிகையையும் ஏற்றிக்கொண்டு கிராமத்துத் தறிகளுக்குப் போவான், மாலையில் நெய்த புடவைகளோடு திரும்புவான். போகும்போது கருப்பாக இருக்கும் மீசை, வரும்போது நரைத்திருக்கும்.

“வயசாயி வந்துக்கினு இருக்குதா, ரோடு வந்துக்கினு இருக்குதா?” என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்பாள் பெரியநாயகி.

“ரெண்டும்தான். ஒரு சொம்பு தண்ணி குடு, இருபது வயசு குறைச்சுக் காட்டறேன்.”

மாணிக்கவேலுக்கு இந்த உலகத்தில் இரண்டே இரண்டு பொருள்கள் மேல்தான் பக்தி. ஒன்று பெரியநாயகி புடவை உடலோடு கோர்த்து நெய்கிற கோர்வைக் கரை. இன்னொன்று வண்டியின் ஏர் பில்டர். இரண்டில் எது பெரிது என்று பெரியநாயகி ஒருநாளும் கேட்டதில்லை. பதில் சொல்லித் தொலைத்துவிடுவானோ என்று பயம்.

செவிலிமேட்டில் மெக்கானிக் ஜோசுவாவின் கடைக்குப் பில்டர் வாங்கப் போகிற நாள் அவனுக்குப் புடவை எடுக்கப் போகிற நாள் மாதிரி. பெரியநாயகியையும் உட்கார வைத்து அழைத்துக்கொண்டு போவான். ஜோசுவா மூன்று பெட்டிகளை எடுத்து வரிசையாக வைப்பான்.

“வேலுண்ணா, இது ஒரிஜினலு. இது ஒரிஜினல் மாரி. இது ஒரிஜினல் மாரி இருக்குதே, அதும் மாரி.”

“நம்ம ரோட்டுக்கு எதுபா தாங்கும்?”

“நம்ம ரோட்டுக்கு ரோடு போட்டாதாண்ணா தாங்கும்.”

மாணிக்கவேல் சிரித்துவிட்டு ஒரிஜினலை எடுத்து, ஓரத்து ரப்பரை விரலால் அழுத்திப் பார்ப்பான். ரப்பர் நன்றாக உட்காரவில்லை என்றால் எவ்வளவு நல்ல பில்டரும் வீண். சந்து வழியாகத் தூசி உள்ளே போய்விடும். மடிப்புகளை எண்ணுவான். மடிப்பு நெருக்கமாக இருந்தால்தான் அதிகத் தூசி பிடிக்கும். பிறகு ஜோசுவா தன் உபதேசத்தைத் தொடங்குவான். அதை அவன் எல்லா வாடிக்கையாளருக்கும் ஞாயிற்றுக்கிழமை உட்பட அளித்து வந்தான்.

“பேப்பர் பில்டருக்குத் தண்ணியே காட்டாதே. தட்டு, அவ்ளோதான். காத்து அடிச்சா உள்ள இருந்து வெளிய அடி. வெளிய இருந்து உள்ள அடிச்சீனா, தூசிய நீயே கூட்டிக்கினு போய் இன்ஜினாண்ட வுட்ட மாரி. கம்பெனிக்காரன் எவ்ளோ கிலோமீட்டர்னு போட்டுக்கிறானோ, நம்ம ரோட்டுல அதுல பாதிக்கே மாத்திடு. சந்தேகமா இருந்தா, இந்தா, உள்ள லைட் அடிச்சுப் பாரு. வெளிச்சம் தெரிதா, உயிர் இருக்குது. தெரியலயா, போச்சு.”

செல்போன் விளக்கைப் பில்டரின் நடுவில் நுழைத்து அவன் காட்டும்போது, மடிப்பு மடிப்பாக வெளிச்சம் கசியும். கோயில் கோபுரத்தில் விளக்கு போட்ட மாதிரி இருக்கும். மாணிக்கவேல் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

“இன்ஜினுக்கு ஒரிஜினலு, அது மேல ஸ்பாஞ்சுல ஒண்ணு. உனக்கு மட்டும் ஒரு துண்டு” என்று ஒருமுறை பெரியநாயகி சொன்னாள். அவன் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற துண்டு அது; துவைத்தால் வாளியில் சேறு தங்கும்.

“இன்ஜின் இருமினா வண்டி நின்னுடும் நாயகி. நான் இருமிக்கினேகூட ஓட்டுவேன்.”

ஜோசுவா ஒரிஜினலுக்கும் ஸ்பாஞ்சுக்கும் சேர்த்துப் பில் போட்டான்.

இப்படி இருக்கும்போதுதான் ‘சாலைத் தூசி மதிப்பீட்டுச் சிறப்புப் பிரிவு’ என்று ஒரு அலுவலகம் உதயமாயிற்று. சாலை போடுங்கள் என்று வேன் ஓட்டுநர் சங்கம் கொடுத்த பதினேழு மனுக்களுக்கும் சேர்த்து ஒரே பதிலாக அது பிறந்தது. அலுவலகத்தின் ஜன்னல்கள் கண்ணாடியால் அடைக்கப்பட்டு, சந்துகளில் பசை பூசப்பட்டிருந்தன. வாசலில் காலை ஒருமுறையும் மாலை ஒருமுறையும் லாரித் தண்ணீர் தெளித்தார்கள். தூசி பற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள் தூசியை முன்கூட்டியே பார்த்துவிட்டால் அவர்களின் ‘நடுநிலைமை’ கெட்டுவிடும் அல்லவா?

அதன் பொறியாளர் தேவேந்திரன் மிக மரியாதையானவர். குமாஸ்தா சுகாசினி மிகச் சுறுசுறுப்பானவள். இருவரும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார்கள். சங்கத் தலைவர் சிட்டிபாபு அதை வேன் நிறுத்தத்தில் நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சுப்ரபாதம் மாதிரி வாசித்தார்.

“‘சாலையில் தூசி இருப்பதாக வாய்மொழியாகச் சொல்லப்படுவதை ஏற்க இயலாது. தூசி நேரில் ஆஜராக வேண்டும்.’ ஒழுங்கா கேளுங்கபா. ‘மேற்படி சாலையில் ஓடும் வாகனங்களின் காற்று வடிகட்டிகளை, விஜயதசமிக்கு மறுநாள் நடைபெறும் முகாமில் ஒப்படைக்க வேண்டும். வடிகட்டியில் உள்ள தூசியின் அளவைப் பொறுத்து சாலை முடிவு செய்யப்படும்.’”

“அப்போ தூசி நெறைய இருந்தா ரோடு உண்டா?” என்றான் மாணிக்கவேல்.

“அதான் போட்டுக்கிறான். கடைசி ரூல் கேளு, ஆறாவது. ‘பரிசோதனை முடிந்ததும் வடிகட்டி, ஒப்படைத்த நிலையிலேயே உரியவரிடம் திருப்பித் தரப்படும். இதற்கு ஒப்புகைச் சீட்டு வழங்கப்படும்.’ சூசாவா, பாத்தியா! எவ்ளோ நாணயமான ஆபீஸு!”

நாணயத்தில் குறையில்லை. நாளில்தான் ஒரு சின்னச் சிக்கல். விஜயதசமிக்கு மறுநாள் என்றால் அதற்கு முந்தைய நாள்களில் ஆயுத பூஜை வருகிறது. ஆயுத பூஜைக்கு இந்த ஊரில் வண்டியைக் கழுவாமல் வைப்பது, சாமிக்கு முன்னால் குளிக்காமல் நிற்பதற்குச் சமம். சங்கத்தின் நாற்பத்தோரு வண்டிகளில் நாற்பதும் வாட்டர் சர்வீஸ் ஆகி, பழைய பில்டர் குப்பைக்குப் போய், புதுப் பில்டரும் வாழைக்கன்றுமாக நின்றன. மாணிக்கவேல் ஒருவன்தான் முன்யோசனைக்காரன். மூன்று மாதமாக மாற்றாமல் ஓட்டிய பில்டரைப் பூப்போலக் கழற்றி, பாலித்தீன் பையில் போட்டு, அதன் மேல் செய்தித்தாள் சுற்றிப் பரணில் வைத்தான். பொட்டலம் கட்டும் முன் அதற்குள் ஜோசுவா அடித்த வெளிச்சம் ஒரு பொட்டுகூட வெளியே வரவில்லை.

“அண்ணே, இது பில்டர் இல்ல, ரோடு. ரோட்டை மடிச்சு வெச்சிருக்குது” என்று ஜோசுவா பாராட்டினான்.

“இவன் பில்டர்தான்பா நம்ம சங்கத்துக்கு மிச்சம். பத்திரம்டா தம்பி” என்று சிட்டிபாபு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் மாணிக்கவேல் திருமுக்கூடலுக்குக் கல்யாணச் சாமான் ஏற்றிப் போனான். போகும்போது பெரியநாயகியிடம் பரணைக் காட்டிச் சொன்னான்: “அது ஆபீசுக்கு. முகாம் அன்னிக்கு ஆபீசர் சோதிச்சுப் பார்ப்பாரு. அதுல பாஸாயிட்டா ரோடு வந்துடும். ஜாக்கிரதை.”

இவ்வளவுதான் சொன்னான். தறிக்காரியின் வாழ்க்கையில் சோதனை என்றால் ஒன்றுதான். புடவையை இறக்குகிற இடத்தில் ஒருவர் வெளிச்சத்தில் விரித்துப் பிடிப்பார். கறை இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று முழம் முழமாக விரல் ஓட்டித் தேடுவார். கண்டுபிடித்தால் திருப்பிவிடுவார். பதினாறு வயதிலிருந்து பெரியநாயகி அந்த விரல் தன் புடவை மேல் ஊர்ந்து போவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். ஒருநாளும் அவள் புடவை திரும்பியதில்லை.

ஆயுத பூஜை அன்று தறி நாடா, கத்தரி, தராசு எல்லாவற்றையும் துடைத்து வைத்தவள், வீட்டுக்காரனின் ஆயுதமும் இருக்கட்டும் என்று பரணிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பிரித்தவுடன் பதறிப்போனாள். ‘இந்தக் கோலத்திலயா ஆபீசர் கையில குடுக்கப் போவுது இந்த மனுஷன்!’

தண்ணீரைப் பற்றி ஜோசுவா சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் ஜோசுவா சொன்னது ஓடுகிற பில்டருக்கு. இது ஆபீசுக்குப் போகிற பில்டர். பட்டுக்குப் பயன்படுத்துகிற மெல்லிய சோப்பில் ஐந்து தண்ணீர் அலசினாள். ஐந்தாவது தண்ணீரும் செம்மண் நிறம்தான். ஆறாவதில் வெளுத்தது. ஆனால் மடிப்பெல்லாம் துவண்டு, நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்துவிட்டது. அதற்கும் பெரியநாயகியிடம் மருந்து இருந்தது. அடுப்பில் தறியின் பாவு நூலை விறைப்பாக்க அரிசிக்கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. அதில் அளவாக முக்கி, மடிப்பு மடிப்பாக நீவி, தெருத்தூசி படாமல் கூடத்துக்குள்ளேயே நிழலில் உலர்த்தினாள். மறுநாள் பில்டர் நிமிர்ந்து நின்றது. விரலால் சுண்டினால் தப்புமேளம் மாதிரிச் சத்தம் வந்தது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, புடவை கட்டிக் கொடுக்கிற வெள்ளைத் துணியில் முடிந்து தயாராக வைத்தாள்.

மாணிக்கவேல் வந்தவன் துணி முடிச்சைப் பார்த்து, ‘பொண்டாட்டி பத்திரப்படுத்தி இருக்கிறாள்’ என்று பூரித்தானே தவிர, பிரித்துப் பார்க்கவில்லை. முகாம் நாளன்று அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

அலுவலக வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். தண்ணீர் தெளித்த தரை ஜில்லென்று இருந்தது. நீண்ட மேசையில் நாற்பது பில்டர்கள் கல்யாணப் பந்தி லட்டுகள் மாதிரி பளபளவென்று வரிசையில் இருந்தன. தேவேந்திரன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்க்க, சுகாசினி எழுதிக்கொண்டே வந்தாள். “இல்லை. இல்லை. இல்லை.” சிட்டிபாபுவின் முகம் ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு விரற்கடை இறங்கியது. ஆனாலும் அவர் கண் மாணிக்கவேலின் கையிலிருந்த முடிச்சை விடவில்லை.

“சார், இப்போ பாருங்க சார் எங்க ரோட்டை!” என்றார்.

மாணிக்கவேல் முடிச்சை மேசை மேல் வைத்து அவிழ்த்தான்.

அந்த நிமிடம் அவன் முகத்தைப் பார்த்த பெரியநாயகிக்கு, தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு புடவை திரும்பி வருகிறது என்பது புரிந்துவிட்டது. ஏன் என்றுதான் புரியவில்லை.

தேவேந்திரன் பில்டரைக் கையில் எடுத்தார். சுண்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். “அற்புதம்” என்றார். “இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பராமரிப்பை நான் பார்த்ததே இல்ல. யார் செஞ்சது?”

“நான்தாங்க சார்” என்றாள் பெரியநாயகி, இன்னும் ஒரு நூலிழை நம்பிக்கையோடு. “கறை ஒண்ணும் இல்லியே சார்?”

“ஒரு புள்ளிகூட இல்லம்மா! சுகாசினி, எழுதுங்க. தூசி: அறவே இல்லை.”

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஜோசுவா பின்னாலிருந்து பில்டரைத் தொட்டுப் பார்த்து முணுமுணுத்தான். “யக்கா, கஞ்சி போட்டியா? இன்னாக்கா, இது வேட்டியா?”

ஜோசுவா பூஜை போடாதவன். அதனால் அவன் பைக்கிலிருந்து அப்போதே கழற்றிய பில்டர் கரியாக இருந்தது. சங்கத்தின் கடைசி நம்பிக்கையாக அதை மேசை மேல் வைத்தான். தேவேந்திரன் அதையும் மரியாதையாகப் பரிசீலித்தார். நாற்பத்தொன்று சுத்தமாக இருக்கும் சாலையில் ஒன்று மட்டும் அழுக்கானால், குற்றம் சாலையிலா இருக்க முடியும்? ‘தூசியை அனுமதியின்றி வைத்திருந்ததற்காக’ ஜோசுவாவுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுக்கப்பட்டது. முசரவாக்கம் சாலைக்கு ‘தூசியில்லாச் சாலை’ என்ற சான்றிதழ் வழங்கப்பட்டது. சங்கத் தலைவர் என்ற முறையில் சிட்டிபாபுதான் அதைக் கைநீட்டி வாங்க வேண்டியிருந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் அவர் சாமியானாவை விட்டு வெளியே போய், தெலுங்கில் நீண்ட நேரம் பேசினார். யாரிடம் என்று தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியில் வண்டிக்கு முன்னால் ஜல்லி லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. சான்றிதழ் பெற்ற சாலை கண்ணுக்கே தெரியவில்லை.

“நான்தானே கெடுத்தேன்” என்றாள் பெரியநாயகி.

மாணிக்கவேல் துண்டை இறக்கிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். “எத்தனை தண்ணி அலசினே?”

“ஆறு.”

“கஞ்சி வேற.” சிரிப்பு இருமலாகி, வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. “அந்த ஆளு மோந்து பார்த்தான் பாரு நாயகி! அது போதும் எனக்கு. வுடு. அடுத்த சோதனைக்கு ஒண்ணைக் கழுவாம வெச்சிருப்போம்.”

அந்த ஒரு வார்த்தையை அவன் காப்பாற்றினான்.

மார்கழி வரை அவன் இருமிக்கொண்டே ஓட்டினான். தை பிறந்ததும் இருமல் அவனை ஓட்டத் தொடங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சைப் படம் எடுத்து, வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். மாணிக்கவேல் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தான். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“வெளிச்சம் நல்லா தெரிதே டாக்டரம்மா. வெள்ளையாத்தானே இருக்குது. சுத்தம்தானே?”

“இதுல கருப்பாத்தான் இருக்கணும்பா” என்றாள் அவள். “வெள்ளை எல்லாம் அழுக்கு.”

“பாத்தியா, எல்லாம் தலைகீழு” என்றான் பெரியநாயகியிடம். பிறகு டாக்டரைப் பார்த்து, “உள்ள இருந்து வெளிய காத்து அடிக்க முடியாதாம்மா?” என்று கேட்டான். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

பங்குனி உத்திரத் தேர் புறப்பட நான்கு நாள் இருந்தபோது மாணிக்கவேல் போய்விட்டான். குட்டியானை நன்றாக இருக்கிறது. அதன் இன்ஜினில் ஒரு துகள் தூசி இல்லை என்று ஜோசுவா கழற்றிப் பார்த்துச் சொன்னான். சொல்லிவிட்டு ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம், பெரியநாயகி அந்த நெஞ்சுப் படத்தை வெள்ளைத் துணியில் முடிந்தாள். இந்த முறை துடைக்கவில்லை. அலுவலக வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சுவரில் ‘தூசியில்லாச் சாலை’ சான்றிதழின் நகல் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. தேவேந்திரன் அவளை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தே நின்றார்.

“வாங்கம்மா, வாங்க! சுகாசினி, அந்தக் கஞ்சி பில்டர் அம்மா. உக்காருங்க. என்ன விஷயம்?”

“பில்டர் கொணாந்திருக்கேன் சார். அன்னிக்குக் கழுவிட்டேன், தப்பு. இது கழுவாதது.”

முடிச்சை அவளே அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் பசை பூசிய ஜன்னலுக்கு எதிரே அதைத் தூக்கிப் பிடித்தார். தொழில் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது. “நல்லா வெள்ளையாத்தானே...” என்று தொடங்கியவர், விலா எலும்புகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“இதுல வெள்ளைதான் சார் அழுக்கு.”

அவர் கை படத்தோடு அப்படியே நின்றது. இறக்குவதா, பிடித்துக்கொண்டிருப்பதா என்று அதற்கு விதி இல்லை.

“எந்த வண்டிம்மா?” என்றாள் சுகாசினி, பதிவேட்டில் பேனாவை வைத்து.

“முசரவாக்கம் ரோட்டு வண்டிதாம்மா. மாணிக்கவேல்னு எழுதிக்கோ. உங்க நோட்டீஸ்ல ஆறாவதா ஒண்ணு போட்டு இருந்துச்சு. சோதிச்சுப் பார்த்துட்டு, குடுத்த மாரியே திருப்பிக் குடுத்துடுவீங்கன்னு.” பெரியநாயகி சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, வெள்ளைத் துணியை மடியில் வைத்து நான்காக மடித்தாள். “மெதுவாவே சோதிங்க. நான் இருந்து வாங்கிக்கினு போறேன்.”

அந்த அலுவலகத்தில் விதி மீறிய பழக்கம் கிடையாது. சுகாசினி ஒப்புகைச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். பெயர் எழுதினாள், சாலை எழுதினாள். ‘திருப்பித் தரும் நாள்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், இதுக்கு இன்னா தேதி சார் போடறது?”